பங்கு கேட்ட சகோதரன்



லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் ஒருவர் கூட்டத்திலிருந்து இயேசுவிடம் முறையிடுகிறார்: சொத்தில் தன் பாகத்தைத் தரும்படி அண்ணனிடமோ தம்பியிடமோ சொல்ல வேண்டுமாம். இயேசு பாகம் பிரிக்க மறுக்கிறார். பேராசையைக் குறித்து எச்சரிக்கிறார்.

நமக்கு இது புதிய வழக்கல்ல. பெற்றோரின் முப்பதாம் நாள் திருப்பலி முடியுமுன்பே பாகப்பிரிவினைப் பேச்சு எழும் வீடுகள் நம் சங்கரன்கோவில் பகுதியிலும் உண்டு.

தலைமுறைகளாக ஒரே குடும்பத்தில் நிற்கும் வீடு என்றால் செட்டிநாட்டு வீடுகள் நினைவுக்கு வரும். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வணிகம் செய்து ஈட்டிய பணத்தில், பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக எழுப்பியவை. அவற்றை நிற்க வைத்தது மரம் மட்டுமல்ல, ஒரு முறை. மணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. வளவைச் சுற்றி அவனுக்கு ஓர் அறை, சமையல் தனி, முகப்பும் முற்றமும் எல்லாருக்கும் பொது. பிழைப்புக்காக எங்கெங்கோ போன பேரப்பிள்ளைகள் கல்யாணத்துக்கு அதே முற்றத்தில் கூடுகிறார்கள்.

1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது பலருடைய செல்வம் கரைந்தது. அந்த அடியைத் தாங்கிய சில வீடுகள், பங்காளிகள் ஒத்துப்போகாததால் விழுந்தன. ஒழுகும் ஓட்டை மாற்ற யாரும் முன்வரவில்லை. கதவு தனியாக, தூண் தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

நம் வீடுகள் அவ்வளவு பெரியவை அல்ல. பூட்டித் தூசி படிந்து, வழக்கு முடியக் காத்திருப்பது மட்டும் ஒன்றுபோலத்தான்.

நிலம் தம்முடையது, நாம் அதில் தங்கிப்போகிறவர்கள் என்று லேவியர் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நினைவூட்டுகிறார். வீட்டுச் சாவி நம் கையில் கொஞ்ச காலம்தான்.

பாகம் பிரிப்பது பாவமல்ல, நியாயமாய்ப் பிரிப்போம். ‘நகை போட்டு அனுப்பியாயிற்றே’ என்று அக்கா தங்கையை ஒதுக்க வேண்டாம். உயில் இல்லாதபோது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. சட்டம் தருவதை நாம் மறுத்தால், பீடத்தில் எதைக் காணிக்கையாக வைப்போம்?

பேச்சு நின்றுபோன உடன்பிறப்பு நம்மில் பலருக்கு உண்டு. இந்த வாரம் வக்கீலைப் பார்க்கும் முன் அந்த வீட்டுப் படியேறுவோம். சுவர் போனாலும் மறுபடி கட்டலாம். போன உறவைக் கட்டக் கொத்தனார் கிடையாது.

அந்த முதல் படியை ஏறும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.