பழைய லேப்டாப்பில் ஒரு ரேடியோ ஆய்வுக்கூடம்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில், கல்லூரியில் சேரும் மாணவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோர்களுக்காகவும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். எதைப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஜூன், ஜூலை வந்துவிட்டால் நம் அங்கத்தினர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பையனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷனில் இடம் கிடைத்துவிட்டது மாமா. ஒரு லட்சத்துக்கு லேப்டாப் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பதும் இதையேதான். நான் சொல்லும் பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. 2016, 2017-ல் வாங்கிய லேப்டாப்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் "இது இனிமேல் உதவாது" என்று ஓரங்கட்டிவிடுவார்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கிடைப்பதோ சொற்பம். அதே மெஷினில் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். நான் சொல்லப்போகும் இரண்டு காரியங்களுக்கும், அதாவது மென்பொருள் எழுதுவதற்கும் ரேடியோ சமிக்ஞைகளை ஆராய்வதற்கும், அது தாராளமாகப் போதும்.

இந்த இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன்? வால்வு ரேடியோ சூடாகும் வரை காத்திருந்து கச்சேரி கேட்டவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சுற்று இருந்தது. நிலையத்தைப் பிரித்தெடுக்க ஒன்று, ஒலியை மீட்டெடுக்க ஒன்று. இன்றைக்கு ஆன்டெனாவில் வரும் அலையை நேரே எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடலாம், மற்றதையெல்லாம் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். இதற்குச் சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ என்று பெயர். முன்பெல்லாம் இதற்கான கருவியின் விலை மாணவனுக்கு எட்டாது. லேப்டாப்பில் டெலிவிஷன் பார்ப்பதற்காக விற்ற ஒரு மலிவான யுஎஸ்பி டாங்கிள் 2012-ல் இந்த நிலையை மாற்றியது. அதிலிருந்த ரியல்டெக் ஆர்டிஎல் 2832யு என்ற சிப், அலையைப் பதப்படுத்தாத எண்களாகவே வெளியே அனுப்பும் என்று ஆர்வலர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். அந்த டாங்கிள்தான் இன்று ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற பெயரில் விற்கிறது. சாதாரண வகை சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வரை கேட்கும். கேட்க மட்டும்தான் முடியும், ஒலிபரப்ப முடியாது. மாணவர்களுக்கு அதுவே நல்லது.

இனி லேப்டாப்புக்கு வருவோம். கடையில் விளம்பரப்படுத்தும் கிராஃபிக்ஸ் கார்டு இதற்கு வேண்டவே வேண்டாம். வேண்டியது நினைவகமும் டிஸ்க்கும். எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். டாங்கிளைச் செகண்டுக்கு 24 லட்சம் மாதிரிகள் என்ற வேகத்தில் ஓட்டுவது வழக்கம். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு எண்கள், எண்ணுக்கு ஒரு பைட். ஆகச் செகண்டுக்கு 4.8 மெகாபைட். ஒரு மணி நேரம் பதிவு செய்தால் 17 கிகாபைட்டுக்கு மேல் போய்விடும். க்னூ ரேடியோ என்ற மென்பொருள் அதே பதிவைத் தன் வழக்கப்படி தசம எண்களாகச் சேமித்தால் நான்கு மடங்கு, ஏறக்குறைய 69 கிகாபைட். ஆகவே பழைய மெஷினில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் 8 ஜிபி இருந்தால் வேலை நடக்கும், 16 இருந்தால் சௌகரியம். பணம் செலவழிப்பதானால் இந்த இரண்டிலும் செலவழியுங்கள்.

குடும்ப போட்டோக்களையும் கணக்கு வழக்குகளையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அங்கே திறந்தும் பார்த்துவிட்டு, பிறகு டெபியன் அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவலாம். கல்லூரிக்கு எடுத்துப்போகும் புது லேப்டாப்பிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் வைக்க நினைப்பவர்கள், பிட்லாக்கர் மீட்புச் சாவியை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளாமல் எதையும் தொடக்கூடாது. அந்த 48 இலக்க எண் இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். விண்டோஸுக்குள் விர்ச்சுவல் மெஷின் வைத்து அதில் டாங்கிளை ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஓடும். ஆனால் யுஎஸ்பி வழியாக இடைவிடாமல் வரும் எண்களில் நடுநடுவே சில விழுந்துவிடும். பாட்டுக் கேட்க அது பெரிதில்லை, ஆராய்ச்சிக்கு உதவாது.

லினக்ஸ் வந்தவுடன் மென்பொருள் எழுதுவதற்கான சாதனங்களைப் போட அரை மணி நேரம் போதும். சி மொழிக் கம்பைலர், சிமேக், கிட், பைதான், அதோடு நம்பை, சைபை, மேட்பிளாட்லிப். க்னூ ரேடியோவையும் ஜிகியூஆர்எக்ஸ் என்ற கேட்கும் புரோகிராமையும் லினக்ஸ் பதிப்பின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பத்து விதமான குறிப்புகளைப் பார்த்து மூலத்திலிருந்து கட்டப் புறப்படுகிறவர்கள் மூன்று நாள் கழித்து, கம்பைலரோடு சண்டை போட்டதுதான் மிச்சம் என்கிறார்கள். பைதானுக்குத் தனிச் சூழல் ஒன்று அமைக்கும்போது, சிஸ்டத்தில் உள்ள பேக்கேஜ்களும் அதில் தெரியும்படி அமைக்க வேண்டும். இல்லையென்றால் க்னூ ரேடியோ இருந்தும் இல்லை என்றே பைதான் சொல்லும்.

டாங்கிளைச் செருகியதும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸ் அதை "இது டெலிவிஷன் சாதனம்" என்று நினைத்துத் தன் டிவி டிரைவரை அதன்மேல் ஏற்றிவிடும். அந்த டிரைவரைத் தடைப் பட்டியலில் சேர்த்து, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். சாதாரணப் பயனர் சாதனத்தைத் திறப்பதற்கான அனுமதி விதியும் இருக்க வேண்டும், எப்போதும் ரூட்டாக ஓட்டுவது நல்ல பழக்கமில்லை. பிறகு ஆர்டிஎல்-டெஸ்ட் என்ற சின்ன நிரலைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, மாதிரிகள் ஏதாவது தொலைகின்றனவா என்று பார்க்கவும். தொலைந்தால் வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.

பாடப் புத்தகங்கள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. லேப்டாப்பே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். சார்ஜரும் திரையும் உள்ளே இருக்கும் கடிகாரச் சுற்றுகளும் இரைச்சலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். டாங்கிளை லேப்டாப்பின் விலாவில் செருகி, அதன் தலையிலேயே ஆன்டெனாவை வைத்தால் முதலில் கேட்பது அந்த இரைச்சல்தான். ஒன்றிரண்டு மீட்டர் நீளமுள்ள நல்ல யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். திரையில் தெரியும் வித்தியாசமே ஒரு பாடம். பழைய மெஷினில் பேட்டரி செத்திருந்தால் மாற்றிவிடுவதற்கு இது இன்னொரு காரணம்.

முதல் பயிற்சிக்கு எஃப்.எம். போதும். தில்லியில் இருப்பவர்கள் 102.6, மும்பையில் 107.1, பெங்களூரில் 101.3, சென்னையில் 101.4 மெகாஹெர்ட்ஸில் ஆகாசவாணியைப் பிடிக்கலாம். 75 சென்டிமீட்டர் கம்பி ஆன்டெனாவாகப் போதும். டவர் பக்கத்தில் இருந்தால் இல்லாத இடத்திலெல்லாம் நிலையங்கள் தெரியும். டாங்கிள் எட்டு பிட் கருவி, பலமான அலையில் திணறிவிடுகிறது. கெயினைக் குறையுங்கள், பேய் நிலையங்கள் மறைந்துவிடும். பாட்டுக் கேட்டதோடு நிறுத்தாமல், ஒரு நிமிஷம் பதிவு செய்து, பைதானில் எஃப்.எம். பிரிப்பானை மாணவனே எழுத வேண்டும். பிரித்தெடுத்ததன் நிறமாலையை வரைந்தால், ஸ்டீரியோ நிலையமாக இருக்கும் பட்சத்தில், 19 கிலோஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கோடு நிற்கும். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கான வழிகாட்டிச் சமிக்ஞை அது. ஃபூரியர் மாற்றத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பையன் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அந்தப் பாடத்தைப் படிக்கும் விதமே வேறு.

அடுத்து மொட்டை மாடிக்குப் போகலாம். விமானங்கள் தங்கள் இருப்பிடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தாங்களாகவே அறிவித்துக்கொண்டு பறக்கின்றன. ஒரு செய்தி 112 பிட், 120 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். ஏழு சென்டிமீட்டர் கம்பி போதும். இங்கேதான் மலிவான டாங்கிளின் கடிகாரப் பிழையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை என்றால் 100 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோஹெர்ட்ஸ்தான், ஆனால் 1090-ல் 54 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். சற்று அதிக விலையில் வெப்பநிலைக்கு ஈடுகொடுக்கும் கடிகாரம் உள்ள டாங்கிள் கிடைக்கும். அந்த அதிகச் செலவை நான் ஆதரிக்கிறேன்.

வானிலைச் செயற்கைக்கோள் படம் பிடிக்க ஆசைப்படுபவர்கள் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். அவற்றில் சொல்லும் அமெரிக்க நோவா 15, 18, 19 மூன்றுமே 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டன. 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இப்போது தேட வேண்டியது ரஷ்யாவின் மீட்டியார்-எம் வரிசையை.

பதிவுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டாங்கிளின் கோப்பில் வெறும் எண்கள்தான் இருக்கும். எந்த அதிர்வெண், என்ன வேகம், எந்தத் தேதி என்பது அதில் எங்கும் இருக்காது. கோப்பின் பெயரிலேயே மூன்றையும் எழுதுங்கள். எழுதிய நிரல்களைக் கிட்டில் வையுங்கள், பதிவுகளை அதில் திணிக்காதீர்கள், அவற்றுக்குத் தனி டிஸ்க்.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்று முன்வரிசையில் ஒரு மாமி கேட்கிறார். நியாயமான கேள்வி. உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் நேர்முகத் தேர்வில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால், தானே எழுதிய நிரலையும் தானே எடுத்த பதிவையும் திறந்து காட்டும் பிள்ளைக்கும், லேப்டாப்பின் மாடல் நம்பரை மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? நான் பார்த்த அளவில், தேர்வு செய்கிறவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

பிறருடைய சொந்தப் பேச்சுக்களைக் கேட்கவோ பிரிக்கவோ முயலக்கூடாது. காவல் துறை, ராணுவ அலைவரிசைகள் பக்கமே போக வேண்டாம். ஒலிபரப்ப ஆசை வந்தால் முறையாக ஹாம் லைசென்ஸ் எடுக்கலாம். தொலைத்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சையைப் பன்னிரண்டு வயது நிரம்பியவர்களும் எழுத முடியும். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து நம் நாட்டு மாணவர்களோடு பேசியது ஹாம் ரேடியோவில்தான்.

வரும் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே ஹாலில் பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ் போட்டுத் தருவதாக இருக்கிறோம். டாங்கிள் இரண்டு என்னிடம் இருக்கிறது. சார்ஜரையும் கடவுச்சொல்லையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். போட்டோக்களை முதல் நாளே வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள், அந்த வேலைக்கு அன்று காலை நேரம் போதாது.