குழந்தைக்குக் காய்ச்சல்: எப்போது காத்திருக்கக் கூடாது?

(நமது சமுதாயக் கூடத்தில், குடியிருப்பாளரான குழந்தை நல மருத்துவர் ஆற்றிய உரை)



"டாக்டர், பிள்ளைக்கு ஜுரம்" என்று நம் பிளாக்குகளிலிருந்து எனக்குப் போன் வராத வாரமே இல்லை. பெரும்பாலும் அது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் அதே மாதிரி தொடங்கி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒன்று உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வில் பாக்டீரியா தொற்றுவது. மருத்துவர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்போம். மக்கள் மூளைக்காய்ச்சல் என்பார்கள்.

பெரிய பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, வெளிச்சம் கண்டால் கூச்சம், கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு வரலாம். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, தூக்கினால் இன்னும் வீறிட்டு அழுவது, உச்சிக்குழி புடைப்பது, வலிப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். எல்லா அறிகுறியும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடம்பில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிந்தால், கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் அவசரம். மாநிறத் தோலில் உள்ளங்கை, உள்ளங்காலில் பாருங்கள்.

இரவு இரண்டு மணியானாலும் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்காதீர்கள். அது நோயைக் குணப்படுத்தாது. பரிசோதனையில் கிருமி அகப்படாமலும் செய்துவிடும்.

மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சம்மதம் கேட்பார்கள். "கால் விளங்காமல் போய்விடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அதுதான் சொல்லும். கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். நரம்பு வழி மருந்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரைகூட தேவைப்படலாம். காய்ச்சல் விட்டதும் பாதியில் வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. குணமான பின் காது கேட்கும் திறனைக் கட்டாயம் பரிசோதியுங்கள். இந்த நோய் விட்டுச்செல்லும் பாதிப்புகளில் முக்கியமானது செவித்திறன் இழப்பு.

தடுக்க வழி உண்டு. ஹிப் கிருமிக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில். நிமோகாக்கல் தடுப்பூசி 6, 14 வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் நாளையே மருத்துவரைக் கேளுங்கள்.