அஞ்சடி தந்த சட்டமும் அதை மறந்த சட்டமும்



சிராங்கூன் ரோட்டின் பக்கத் தெருக்களில் திடீரென மழை பிடித்துக்கொண்டாலும் நடப்பவர் அதிகம் நனைவதில்லை. ஒரு கடைவீட்டின் அஞ்சடியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து, மாலை கட்டுபவரையும் மளிகைக் கடையையும் கடந்து தெருமுனைக்கு வந்துவிடலாம்.

இந்த அழகு தானாக அமைந்ததல்ல. கட்டட விதிதான் இதைத் தந்தது. 1822 நவம்பரில் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு அனுப்பிய உத்தரவில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட தாழ்வாரம் வேண்டும், அது தெரு நெடுகத் தொடர்ந்து எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. வியாபாரிகள் அங்கே சாமான்களை அடுக்கினார்கள். 1888இல் நகராட்சி அவற்றை அகற்றப் புறப்பட்டபோது சிங்கப்பூரில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன. அஞ்சடிக்கு அவ்வளவு மவுசு!

அப்படியானால் அத்தகைய தெரு இன்று புதிதாக எழுவது ஏன் அரிதாகிவிட்டது? பிற்கால விதிகள் நடப்பவரை விட்டுவிட்டுக் காரை அளக்கத் தொடங்கின. இத்தனை சதுர மீட்டர் கடைக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் என்றால், ஆறு மீட்டர் முகப்புள்ள கடைவீடு எங்கே போகும்? பல மனைகளைச் சேர்த்து ஒரே பெரிய கட்டடமாக எழுப்பினால்தான் கணக்கு ஒத்துவரும். மலேசியப் புதுநகர்களிலோ 66 அடிச் சாலை பழகிப்போன அளவு. எதிர்ப்பக்கக் கடைக்காரரைக் கூப்பிட்டால் காதில் விழாது.

விதிகளே வேண்டாம் என்பது பேச்சல்ல. பழைய கடைவீடுகளின் காற்றில்லாத தடுப்பறைகளில் மக்கள் அடைந்து கிடந்தார்கள்; 1907இல் டாக்டர் சிம்சன் அறிக்கை அதைத்தான் எடுத்துச் சொன்னது. பின்சந்துகள் வெட்டப்பட்டதும் அதனால்தான். தீயணைப்பு வண்டிக்கும் வழி வேண்டும். ஆனால் கார் நிறுத்துமிடம் உயிர்காக்கும் விதியா? சிங்கப்பூர் 2019இல் அதைத் தளர்த்தி, முன்பு குறைந்தபட்சமாக இருந்த எண்ணிக்கையையே உச்சவரம்பாக்கியது. தாமதம்தான், ஆனாலும் நல்ல மாற்றம்.

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. பழையது பிழைத்தது. ஆனால் மலேசியாவின் எத்தனையோ புதிய கடை வரிசைகளில் அஞ்சடி பெயருக்குத்தான் இருக்கிறது. ஒரு கடையின் தரை மேலே, அடுத்ததன் தரை கீழே. நடுவில் படி, அதற்கும் அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள். கைத்தடி ஊன்றிய பாட்டி அங்கே சாலையில் இறங்கி, கார்களுக்கு நடுவேதான் நடக்கிறார்.