பன்றிக் கொழுப்புக்குப் பரிந்து சில வார்த்தைகள்

வீட்டில் சவர்க்காரம் செய்வது பற்றி இதற்கு முன்பும் வானொலியில் கேட்டிருப்பீர்கள். கோஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்பது, கரைசலை எண்ணெயில் ஊற்றுவது, கலவை தடித்ததும் அச்சில் வார்ப்பது, இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த அரிச்சுவடியை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் பரிந்து பேச வந்திருப்பது பன்றிக் கொழுப்புக்காக. அதுவும் பேருக்கு ஒரு கரண்டி சேர்ப்பதற்காக அல்ல. நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து பங்கு பன்றிக் கொழுப்பு உள்ள சவர்க்காரத்துக்காக.

சைவக்காரருக்கும் இஸ்லாமிய நேயர்களுக்கும் இது ஆகாத பொருள். அவர்களுடைய மனத்தை மாற்ற நான் வரவில்லை. இதைச் செய்து பிறருக்குக் கொடுப்பவர்கள் பொதியின் மேல் ‘பன்றிக் கொழுப்பு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அதில் ஒளிவுமறைவு கூடாது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கோடை வந்தால் ரொறன்ரோவின் சந்தைகளில் கைவினைச் சவர்க்காரக் கடைகள் வரிசையாக முளைத்துவிடும். கரித்தூள் போட்டது, ஆட்டுப்பால் போட்டது, மஞ்சள் போட்டது, மேலே காய்ந்த பூ ஒட்டியது. ஒவ்வொன்றிலும் ‘முழுக்க முழுக்கத் தாவர எண்ணெய்’ என்று பெருமையாக ஒரு சீட்டு. எடுத்துப் பின்பக்கம் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாம் எண்ணெய் இருக்கும். உலகத்துப் பாம் எண்ணெயில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. அந்தத் தோட்டங்களுக்காக அங்கே எவ்வளவு காடு அழிந்தது என்பது ஊரறிந்த கதை. அந்த எண்ணெய் கடல் கடந்து இங்கே வந்தால் தூய்மையாம். நம்முடைய தெருமுனை இறைச்சிக் கடையில் வெட்டி எறிகிற கொழுப்பு அசிங்கமாம். இது என்ன நியாயம்?

சரி, கோபத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். பன்றிக் கொழுப்பில் சுமார் நான்கில் ஒரு பங்கு பால்மிட்டிக் அமிலம், பதின்மூன்று பதினான்கு வீதம் ஸ்டியரிக் அமிலம், நாற்பத்தைந்து வீதத்தை ஒட்டி ஓலெயிக் அமிலம். முதல் இரண்டும் கட்டிக்கு இறுக்கத்தையும், சிறுசிறு குமிழாய் நின்று பிடிக்கிற நுரையையும் தரும். மூன்றாவது தோலுக்கு மென்மை தரும். ஒரே கொழுப்பில் இந்த மூன்றும் இப்படி அமைவது லேசில் கிடைக்காது. தேங்காய் எண்ணெயை நான் குறை சொன்னால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். அதில் பாதியளவு லோரிக் அமிலம். பெரிய நுரை பொங்கும். கடல் தண்ணீரில்கூட நுரைக்கும் என்பதால்தான் கப்பல்காரர் அந்த எண்ணெயில் செய்த சவர்க்காரத்தைக் கொண்டு போனார்கள். அழுக்கோடு சேர்த்துத் தோலில் உள்ள எண்ணெயையும் அது வழித்துக்கொண்டு போய்விடும். கனடாவின் ஜனவரி மாதத்தில் அந்தச் சவர்க்காரத்தால் தினமும் கை கழுவிப் பாருங்கள், விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். நுரை பெரிதாக இருந்தால் சவர்க்காரம் நல்லது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, நேயர்களே. நுரை வேறு, நல்ல சவர்க்காரம் வேறு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கொழுப்பை உருக்குவது. பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிறகு ‘பன்றிக் கொழுப்பு நாறுகிறது’ என்று பழியை விலங்கின் மேல் போடுகிறார்கள். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் சொல்வது இதுதான்: பொரிக்காதீர்கள், உருக்குங்கள்.

இறைச்சிக் கடையில் முதுகுக் கொழுப்பு கேட்டு வாங்குங்கள். சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கொழுப்பு இன்னும் வெள்ளை, இன்னும் இறுக்கம். ஆனால் ‘பை’ என்ற பலகாரம் சுடுகிறவர்கள் மாவு பிசைய அதைத் தேடித் திரிகிறார்கள், விலையும் கூட. அவர்களுக்கே விட்டுவிடுங்கள். முதுகுக் கொழுப்பு நமக்குப் போதும். பாதி உறைந்த நிலையில் வைத்துச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். குளிராக இருந்தால்தான் கத்தி வழுக்காது. ஒட்டியிருக்கும் இறைச்சியை ஒரு நார்கூட விடாமல் களையுங்கள். நாற்றம் இருப்பது கொழுப்பில் அல்ல, அந்த நாரில்.

அடிகனத்த பாத்திரத்தில் கொழுப்பைப் போட்டு, அது மூழ்குமளவு தண்ணீர் விட்டு, ஒரு கைப்பிடி உப்பும் போட்டு, மெல்லிய நெருப்பில் வையுங்கள். தண்ணீர் எதற்கு? பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு பாகைக்கு மேல் ஏறாது. சூடு ஏறாவிட்டால் கொழுப்பு பொரியாது. பொரியாவிட்டால் வறுத்த இறைச்சி வாசம் வராது, நிறமும் மாறாது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், பொரிக்காதீர்கள், உருக்குங்கள். அவசரப்படாதீர்கள். துண்டுகள் சுருங்கி மிதக்கத் தொடங்கியதும் துணியில் வடித்து, ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வையுங்கள். காலையில் மேலே வெள்ளைத் தட்டாகக் கொழுப்பு இறுகியிருக்கும், கீழே கலங்கிய தண்ணீர். தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கசட்டைக் கத்தியால் சுரண்டுங்கள். பிறகு புதுத் தண்ணீர், புது உப்பு, மறுபடி அடுப்பு. கீழே தண்ணீர் தெளிவாகும்வரை செய்யுங்கள். கடைசியில் ஈரத்தை ஒட்ட ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரம் நின்றால் கொழுப்பு காறிப்போகும். இப்படி உருக்கிய கொழுப்பை மூக்கருகே பிடித்தால் ஒரு வாசமும் இருக்காது.

ஒரு குளிர்காலத்தில் நான் இந்த வேலையில் இருந்தபோது மாமி வந்தா. ‘என்ன பிள்ளை, சூப்பா?’ என்று மூடியைத் திறந்தா. நான் உள்ளதைச் சொன்னேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, வீட்டு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டா! வாசமே இல்லையே மாமி என்றால், ‘அது எனக்குத் தெரியும், ஆனாலும்’ என்றா. இன்றுவரை அவ தன்னுடைய கடைச் சவர்க்காரத்தை மாற்றவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

உருக்க நேரமில்லாதவர்களுக்குக் கடையில் டெண்டர்ஃபிளேக் என்ற உருக்கிய பன்றிக் கொழுப்பு இருக்கிறது, 454 கிராம் பொதி. குறை சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் அதில் பாதி சுகம் போய்விடுகிறது.

பன்றி ரொறன்ரோவுக்குப் புதிதல்ல. இந்த நகரத்துக்கு ‘ஹொக்டவுண்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, பன்றி நகரம். சென் லோரன்ஸ் சந்தையில் கடை வைத்துத் தொடங்கிய வில்லியம் டேவிஸ் என்பவர், இங்கிருந்து பிரித்தானியாவுக்குப் பன்றி இறைச்சி ஏற்றுமதி செய்து பெரும் தொழிற்சாலை கட்டினார். பெயர் வந்தது அதனால்தான் என்று சொல்வார்கள். அதற்கு முன்னரே, 1850களில், கத்தரின் பார் ட்ரெயில் என்ற எழுத்தாளர் இங்கே புதிதாகக் குடியேறிய பெண்களுக்காக எழுதிய வழிகாட்டி நூலில் சவர்க்காரம் காய்ச்சுவதும் ஒரு பாடம். அந்தப் பெண்கள் மரச்சாம்பலை வடித்த காரநீரில் வீட்டுக் கொழுப்பைக் காய்ச்சினார்கள். சாம்பல் காரம் பொட்டாசியம் என்பதால் அது களிபோல இளகித்தான் இருக்கும். கட்டியாக வேண்டுமென்றால் உப்புப் போட வேண்டும். ஏன், சவர்க்கார இரசாயனமே இந்த விலங்கிடம் கடன்பட்டதுதான். 1811இல் பிரான்ஸில் மிஷெல் செவ்ரல் என்ற இரசாயனவியலாளர் பன்றிக் கொழுப்புச் சவர்க்காரம் ஒன்றைப் பிரித்து ஆராயப் போய்த்தான் கொழுப்பமிலங்களைக் கண்டுபிடிக்கும் வழி திறந்தது.

பேனா எடுத்துக்கொண்டீர்களா? ஒரு கிலோ கொழுப்புக்குக் கணக்கு. பன்றிக் கொழுப்பு 750 கிராம். தேங்காய் எண்ணெய் 200. ஆமணக்கெண்ணெய் 50. சுத்தமான கோஸ்டிக் சோடா 139. வடித்த தண்ணீர் 280. இன்னொரு முறை: 750, 200, 50, சோடா 139, தண்ணீர் 280. எல்லாமே நிறை, தராசில்தான் நிறுக்க வேண்டும். கோப்பைக் கணக்கு வேண்டாம். ஐந்து வீதக் கொழுப்பு காரத்தில் மாறாமல் மிஞ்சும்படி இது போட்ட கணக்கு. அதற்கு மேல் மிஞ்சவிட்டால் சில மாதத்தில் கட்டியில் செம்மஞ்சள் புள்ளி விழும். சோடாவைத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரைச் சோடாவில் ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம்.

கொழுப்பும் கரைசலும் நாற்பது, நாற்பத்தைந்து பாகையில் இருக்கட்டும். அதைவிடக் குளிர்ந்தால் கொழுப்பு தானாக உறைந்து, கலவை தடித்துவிட்டதுபோல் ஏமாற்றும். மற்றபடி இது நிதானமாகத்தான் தடிக்கும். அலைவரி, சுழி, நிறம் எல்லாம் போட்டு விளையாட அவகாசம் கிடைக்கும். எனக்கு அந்த விளையாட்டில் நாட்டமில்லை. பாலின் வெள்ளையில் அது இருக்கிற அழகே போதும்.

நான்கு வாரத்தில் பாவிக்கலாம் என்று புத்தகங்களில் இருக்கும். பாவிக்கலாம்தான். பன்றிக் கொழுப்பு கூடிய கட்டியை மூன்று மாதம் காற்றாட வைத்துவிட்டுத் தொடுங்கள். நுரை அப்போதுதான் தடிக்கும், கட்டியும் சீக்கிரம் கரையாது. இரும்புத் தட்டில் மட்டும் அடுக்காதீர்கள், அதனாலும் அந்தச் செம்மஞ்சள் புள்ளி விழும். மரத் தட்டு நல்லது.