ஒலிபெருக்கித் தொழிலும் நம் இளைஞரும்
(வெள்ளி விழா மேடையில் ஆற்றிய உரை)

 

பட்டம் பெற்றோர் பலர் பேசிய மேடையில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் என்னையும் பேச அழைத்திருக்கிறீர்கள். இம்மேடைக்கு மைக் செட் கட்டியவனும் நானே. ஆகவே என் பேச்சு கேட்கவில்லையென்றால் நான் வேறு எவரையும் குறைகூற இயலாது.

நம் முன்னோர் பறையை அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அதன் அனலில் காட்டுவர். ஈரத்தில் தளர்ந்த தோல் சூட்டில் இறுகும். விரலால் தட்டிக் கேட்பர். போதவில்லையாயின் மீண்டும் காட்டுவர். காதால் குறையறிந்து கையால் தீர்க்கும் அறிவு அது. அதற்குரிய மதிப்பை ஊர் தந்ததா என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று மெல்லிசைக் குழுக்களுக்குப் பெட்டி சுமப்போரிலும் நம் பிள்ளைகள் இருக்கின்றனர். சுமக்கும் பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களில் எத்தனை பேருக்குக் காட்டப்பட்டிருக்கிறது?

நான் பதினாறு வயதில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். கம்பி இழுத்தேன், மரத்திலேறிக் குழாய் கட்டினேன். ஆம்பிளிபயரின் மூடியைத் திறக்கும் வேளை வந்தால் மட்டும் முதலாளி என்னைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுவார். அது தற்செயல் அன்று என்பது விளங்க ஆறு மாதம் ஆயிற்று. பின்னர் அவர் உதவாதென்று எறிந்த ஒன்றை வீட்டுக்குத் தூக்கிச் சென்று திறந்தேன். ஓரிடத்தில் ஈயப்பற்று பளபளப்பின்றிச் சாம்பல் பூத்திருந்தது. சூடு போதாமல் வைத்த பற்று அது. மீண்டும் சூடாக்கிப் பற்றவைத்தேன், பாடியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கடல் கடந்த ஒருவரையும் இங்கே நினைக்கிறேன். ஜமைக்கா நாட்டின் ஹெட்லி ஜோன்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் தொழில் கற்றார். போர் முடிந்து கிங்ஸ்டன் நகருக்குத் திரும்பி வானொலிப் பழுதுக் கடை வைத்தார். 1940களின் பிற்பகுதியில், தெருவில் இசைத்தட்டு முழக்கி மக்களை ஆடவைத்த ‘டாம் தி கிரேட் செபாஸ்டியன்’ என்ற ஒலியமைப்புக்கு ஆம்பிளிபயர் கட்டிக்கொடுத்தார். பட்டாளத்தில் கற்றது தம் தெருவுக்குப் பயன்பட்டது.

இனித் தொழிலுக்கு வருவோம். ஒலி செல்லும் பாதையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்: மைக், கம்பி, மிக்சர், ஆம்பிளிபயர், ஒலிப்பெட்டி. மேடையில் சத்தம் நின்றுவிட்டால் கண்டதையெல்லாம் பிடுங்காதீர்கள். நடுவிலிருந்து தொடங்குங்கள். மிக்சரில் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பாட்டு வந்தால் குற்றம் மைக்கின் பக்கம். வராவிட்டால் ஆம்பிளிபயரின் பக்கம். ஒரே சோதனையில் பாதிப் பாதை விலகிவிடும். பெரும்பாலும் குற்றவாளி கம்பிதான். அதிலும் பிளக்கை ஒட்டி வளையும் இடம். முழங்கையில் முறுக்கிச் சுற்றும் வழக்கத்தை இன்றே விடுங்கள்.

ஒலிப்பெட்டி இணைப்பிலும் கணக்குண்டு. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகக் கட்டினால் 4 ஓம். நான்கைக் கட்டினால் 2 ஓம். 4 ஓமுக்குக் குறையலாகாது என்று எழுதியிருக்கும் ஆம்பிளிபயரில் நான்கையும் மாட்டிவிட்டு, எரிந்தபின் விதியை நொந்து பயனில்லை.

அடுத்துச் சொல்வதைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். கீபோர்டுக்கு மேடையின் ஒரு மூலையில் மின்சாரம், மிக்சருக்கு வேறொரு மூலையில் மின்சாரம். இரண்டும் தத்தம் இடத்தில் எர்த் ஆகியிருக்கும். ஒலிக்கம்பியின் வலையுறையும் அவற்றை இணைக்கும். இவ்வாறு ஒரு வளையம் உண்டாகி அதில் சிறு மின்னோட்டம் பாய்வதால் ‘ம்ம்’ என்ற முனகல் கேட்கும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் அம்முனகல் நிற்பதுண்டு. ஒரு திருவிழாவில் முதலாளி சொன்னபடி நான் அதை இடுக்கியால் உடைத்தேன். ஒலி தெளிந்தது, குழுவினர் என் முதுகில் தட்டினர். இரவு பதினோரு மணிக்குக் கிட்டார் வாசித்தவர் மைக்கைப் பிடித்தார், தூக்கி எறியப்பட்டார். அவர் பிழைத்தார். வலக்கை விரல் இரண்டில் தழும்பு நின்றது. சொன்னவர் முதலாளி, உடைத்த கை என்னுடையது.

நடந்தது இதுதான். கிட்டாரின் தந்திகள் அதன் ஆம்பிளிபயரின் உலோகச் சட்டத்தோடு தொடர்புடையவை. உள்ளே பழுதேற்பட்டுச் சட்டத்தில் 230 வோல்ட் ஏறினால் எர்த் வழியே அது இறங்கி ஃபியூஸ் போகவேண்டும். எர்த் இல்லையெனில் தந்தியிலேயே காத்திருக்கும். மைக்கின் வலையோ மிக்சர் வழியாக எர்த் ஆனது. இரண்டையும் தொடுபவரின் உடலே கம்பியாகிறது. மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் 1972 மே 3 அன்று ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி அவ்வாறே இறந்தார். எர்த் சரியில்லாத மைக் அது.

முனகலுக்கு மருந்து வேறு. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுங்கள். அப்போதும் போகாவிடில் இடையில் டிரான்ஸ்பார்மர் உள்ள டி.ஐ. பெட்டியை வைத்து ஒலிக்கம்பியின் வளையத்தை வெட்டுங்கள்; மின்சாரத்தின் எர்த்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். மூன்று பின்களில் அதுவே தடித்தும் நீண்டும் இருப்பது, செருகும்போது முதலில் பற்றுவதற்காகத்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மேடைப் பலகையில் பொருத்துங்கள். பாடகர் ஏறுமுன் கிட்டார் தந்திக்கும் மைக் வலைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், விழாக் குழுவினர் எவ்வளவு சத்தமிட்டாலும் நிகழ்ச்சியைத் தொடங்கவிடாதீர்கள். கூலிக்கு வந்தவன் மறுக்கலாமா என்பார்கள். மறுக்கலாம். நான் இருமுறை மறுத்து, ஒருமுறை கூலியும் இழந்தேன்.

நாளைக் காலை பத்து மணிக்குச் சங்கக் கூடத்தில் ஐந்து பழைய ஆம்பிளிபயர்கள் மூடி திறந்து வைக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை இறக்கும் முறையே முதற்பாடம். அதுவரை எவரும் கை வைக்கவேண்டாம். சால்டரிங் அயர்ன் மூன்றுதான் உள்ளது, முறைவைத்துக் கொள்வோம். பெண்பிள்ளைகளும் வரவேண்டும். தேநீர் வாங்க எவரையும் அனுப்பமாட்டேன். ஒன்பதரை மணிக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.