கிட்டார் மெலிந்த கதை



மின்கிட்டார் பிரியர்கள் இருவர் கூடினால் ஒரு வழக்கு கிளம்பிவிடும்: பழைய தடித்த கட்டை உசத்தியா, பின்னால் வந்த மெல்லிய கட்டை உசத்தியா? இரண்டையும் செய்து பார்த்த நிறுவனம் அமெரிக்காவின் கிப்சன்.

1952இல் வந்த லெஸ் பால் கிட்டார், மஹோகனிப் பலகைமேல் மேப்பிள் ஒட்டிச் செதுக்கியது. பருமன் ஏறக்குறைய 2 அங்குலம். தோளில் மாட்டி ஒரு கச்சேரி முழுக்க நின்றவருக்குத்தான் அதன் கனம் புரியும். போட்டி நிறுவனமான ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோ 1954 முதலே 1¾ அங்குலத்தில், வயிறும் முழங்கையும் படியும் இடங்கள் வழித்தெடுக்கப்பட்டு, உடம்போடு ஒட்டி நின்றது. லெஸ் பால் விற்பனை சரிந்ததும், 1961இல் கிப்சன் அதை அடியோடு மாற்றியது. மேப்பிள் போயிற்று. பருமன் சுமார் 1⅜ அங்குலமானது. ஓரங்கள் சீவப்பட்டன, இருபுறமும் கொம்பு முளைத்தது. கிட்டாருக்குத் தன் பெயரைத் தந்த இசைக்கலைஞர் லெஸ் பாலுக்கே அந்த வடிவம் பிடிக்கவில்லை. அவர் பெயர் நீங்கி, எஸ்ஜி என்ற பெயர் நிலைத்தது.

எஸ்ஜியில் விரல் கடைசி ஃபிரெட் வரை தடையில்லாமல் ஓடும். ஆனால் உடல் இலேசானதால் கழுத்துப் பக்கம் தாழும். இடது கை வாசிக்கவும் வேண்டும், தாங்கவும் வேண்டும்.

ஒலி? மின்கிட்டாரில் தந்தியின் அதிர்வை வாங்குவது பிக்கப் என்னும் காந்தச் சுருள். அக்கூஸ்டிக் கிட்டாரின் கூடுபோல இங்கே கட்டை ஒலியைப் பெருக்குவதில்லை. பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி இடிபோன்ற ஒலியை எழுப்பியது இந்த மெல்லிய எஸ்ஜியில்தான். தடித்த கட்டைதான் தடித்த நாதம் தரும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

ஆனாலும் தடித்த லெஸ் பாலுக்கு மவுசு திரும்பியது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1966இல் ஜான் மேயாலுடன் லெஸ் பால் வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1968இல் கிப்சன் மறுபடி தடித்த லெஸ் பாலைச் செய்யத் தொடங்கியது. 1980களில் வெளித்தோற்றம் மாறாமல், உள்ளே மஹோகனியில் துளைகளிட்டுக் கனத்தைக் குறைத்தது. ஆகவே பருமன் வேறு, கனம் வேறு.

என் தீர்ப்பு இதுதான்: பருமன் ஒலியைவிட உடம்போடுதான் அதிகம் பேசுகிறது. கிட்டார் வாங்கப் போகிறவர்கள் அங்குலக் கணக்கை ஓரமாக வையுங்கள். வாரை மாட்டி நின்று, இடது கையை விட்டுப் பாருங்கள். கழுத்து தாழாமல், தோள் வலிக்காமல் நிற்கும் கிட்டாரையே வாங்குங்கள்.