அரைகுறை மொழியும் முழு அன்பும்

கொழும்பிலே, வெள்ளவத்தையில் வாழும் தமிழ் இளைஞன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். கோட்டையிலுள்ள கந்தோர் ஒன்றிலே அவன் எழுதுவினைஞன். கொட்டாஞ்சேனையிலிருந்து அதே கந்தோருக்கு ஒரு சிங்கள நங்கை வருகிறாள். அவள்மீது அவனுக்கு அன்பு பிறந்துவிட்டது. ஆனால் அவன் அறிந்த சிங்களமோ, பஸ்ஸிலும் சந்தையிலும் பொறுக்கிச் சேர்த்த சில்லறை. உள்ளத்திலே காவியம், நாவிலே அரிச்சுவடி!

ஒருநாள் அவள் வாயிலில் நின்று, "என்ன" என்கிறாள். தமிழ்க் காதுக்கு அது கேள்வி. ஒன்றுமில்லை என்று தலையசைத்து அவன் அங்கேயே நின்றுவிடுகிறான். சிங்களத்திலோ அச்சொல்லுக்கு 'வாருங்கள்' என்பது பொருள். அழைத்தவள் முகம் வாடிப் போகிறாள்; அழைப்பை இழந்தவனுக்கு இழந்தது இன்னதென்றே தெரியவில்லை.

மற்றொரு நாள், செவ்வாய்க்கிழமை மாலையிலே, 'பல்லிய'வுக்குப் போவதாகச் சொல்கிறாள். அவன் சுவரிலே பல்லியைத் தேடுகிறான். அவள் சொன்னதோ கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை. கிறிஸ்தவ ஆலயத்தைக் குறிக்கும் அச்சிங்களச் சொல், நம்முடைய 'பள்ளி' என்னும் சொல்லிலிருந்து சென்றதே. நம் வீட்டுச் சொல்லே வேற்றுடை தரித்து எதிரே வந்தால் அடையாளம் தெரிவதில்லை.

முன்னிலைச் சொல்லிலே இன்னும் பெரிய ஆபத்து உண்டு. தோழர் கூட்டத்திலே கேட்ட 'உம்ப' என்பதை நங்கையிடம் சொல்லிவிட்டால் அது மரியாதைக் குறைவு. 'ஒயா' என்பதே பொருந்தும். யாழ்ப்பாணத்தார் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று அளந்து பேசுவதுபோல அவர்களுக்கும் ஓர் அளவுகோல் உண்டு.

அவள் தமிழ் பேச முயன்றாலோ இடர் வேறு வகையானது. பேச்சுச் சிங்களத்திலே நான், நீ, அவள் யாவருக்கும் 'யனவா' என்னும் ஒரே வினை போதும். தமிழிலோ போகிறேன், போகிறாய், போகிறாள் என்று விகுதி மாறிக்கொண்டே இருக்கும். அவள் 'நான் போகிறாள்' என்கிறாள். இலக்கண ஆசிரியர் சிவப்பு மை எடுப்பார். அவனோ அந்தப் பிழையை நெஞ்சிலே எழுதி வைத்துக்கொள்கிறான்.

இவையெல்லாம் சிரிப்புக்குரிய செய்திகள்தாமா? இதே பிழைகளுக்கு இந்நாடு வேறு விலையும் வாங்கியிருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழ் உத்தியோகத்தர் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டியவராயினர். அத்தேர்ச்சியைக் காட்டாமையால் கோடீஸ்வரன் என்னும் அரச எழுதுவினைஞருக்கு 1962இல் ஊதிய உயர்வு மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கு 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அதற்கு முன்பே, 1983 ஜூலைக் கலவரத்திலே, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரை இனங்கண்டனர். நாக்குத் தடுமாறியவனுக்கு உயிரே பணயமாயிற்று.

ஆகவே, வெள்ளவத்தை இளைஞன் அவளெதிரே அஞ்சுவது நாணத்தினால் மட்டுமன்று. அவன் தந்தையாரிடமும் பாட்டனாரிடமும் அதிகாரத்தின் குரலில் வந்த மொழி அது. அம்மொழியே இன்று அவனிடம் அழைப்பாக வந்து நிற்கிறது. சட்டம் பரீட்சை வைத்தபோது தொண்டையிலே சிக்கிய சொல், ஒருத்தியின் பொருட்டு என்னும்போது தானாகவே நாவிலே ஏறுகிறது. ஆயினும் அவன் மட்டும் கற்றால் போதாது. ஒருவரே எப்பொழுதும் மற்றவர் மொழிக்கு நடந்து செல்ல வேண்டுமானால், அங்கே அன்பு இருக்கலாம், சமத்துவம் இராது. அவள் சொல்லும் 'நான் போகிறாள்' என்னும் பிழை அவனுக்கு இனிப்பது அதனாலேதான். பாதி வழி அவளும் வந்திருக்கிறாள்.

காதலைச் சிங்களத்திலே 'ஆதரய' என்பர். அதே வடமொழி வேரிலிருந்து பிறந்ததே நம் 'ஆதரவு'. அவள் மொழியிலே காதல் என்பது, அவன் மொழியிலே தாங்கிப் பிடிப்பது. தடுமாறும் நாக்கை எள்ளாமல் தாங்கிப் பிடிப்பவரிடமே மனிதர் துணிந்து பேசுகின்றனர்.

இனி ஒருநாள் அவள் வாயிலில் நின்று "என்ன" என்பாள். அவன் கேள்வியென்று மயங்கான்; எழுந்து செல்வான்.